வைகைக் கரையில் லத்தீன்

(மதுரையில் கல்லூரி மாணவர் மன்றம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பைப் பார்த்தவுடன் சிலர் சிரித்திருப்பீர்கள். தமிழ்ச் சங்கம் வைத்த ஊரில் வந்து லத்தீன் படிக்கச் சொல்கிறானே என்று நினைத்திருப்பீர்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நான்கு தெரு தள்ளி நின்று ரோமாபுரியைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். ஆனாலும் நான் சொல்ல வந்தது ரோமைப் பற்றி மட்டும் அல்ல, மதுரையைப் பற்றியும்தான். இந்த ஊரின் வரலாற்றில் ஒரு பெரும் பங்கு லத்தீன் எழுத்தில் கிடக்கிறது. அதை நாமே எடுத்துப் படிக்கும் நிலையில் இன்று இல்லை. அந்த நிலை மாற வேண்டும் என்பதே என் பேச்சின் சாரம்.

முதலில் பழங்கதை. கி.பி. 77ஆம் ஆண்டு வாக்கில் ரோமில் பிளினி என்பவர் ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தை முடித்தார். 'இயற்கை வரலாறு' என்று பெயர், 37 நூல்கள். இரண்டு ஆண்டு கழித்து வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது கடற்கரையில் இறந்துபோனார். அந்தக் களஞ்சியத்தின் ஆறாம் நூலில் எகிப்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் வரும் வழியைச் சொல்கிறார். முசிறியில் இறங்குவது நல்லதல்ல, பக்கத்தில் கடற்கொள்ளையர் இருக்கிறார்கள், சரக்கையும் கப்பலிலிருந்து வெகுதூரம் படகில் இறக்க வேண்டியிருக்கிறது என்கிறார். அதைவிட வசதியான இன்னொரு துறைமுகம் பாண்டியனுக்கு உரியது. அந்தப் பாண்டியனோ துறைமுகத்துக்கு வெகு தொலைவில், உள்நாட்டில், மதுரை என்னும் ஊரில் இருக்கிறான் என்று எழுதுகிறார். மிளகு ஒற்றை மரத்தில் குடைந்த ஓடங்களில் வந்து சேர்கிறது என்பதையும் விடவில்லை.

இதே பிளினிக்கு மிளகின் மேல் ஒரு கோபம் உண்டு. காரத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது, இதற்குப் போய் இவ்வளவு காசா என்று கேட்கிறார். ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியுஸ், வெண்மிளகு 7, திப்பிலி 15 என்று விலைப்பட்டியலே தருகிறார். ஆண்டுதோறும் 5 கோடி செஸ்தெர்ஸ் இந்தியாவுக்குப் போய்விடுகிறது என்று கணக்கும் போடுகிறார்.

அந்தப் பணம் எங்கே போயிற்று? நம் மண்ணுக்குள் போயிற்று. 1904இல் இராபர்ட் சிவெல் என்ற அதிகாரி இந்தியாவில் கிடைத்த ரோமானியக் காசுகளைப் பட்டியல் போட்டார். அதில் கோயம்புத்தூர், மதுரை மாவட்டங்கள் முன்னணியில் நிற்கின்றன. வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது ரோமானியக் காசுகளும் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்தன. நம் பக்கத்துச் சான்றும் குறைவில்லை. நெடுநல்வாடையில் பாண்டியன் அரண்மனையில் யவனர் செய்த பாவை ஏந்திய விளக்கு எரிகிறது. சிலப்பதிகாரத்து மதுரைக் கோட்டை வாயிலில் யவனக் காவலர் வாளோடு நிற்கிறார்கள்.

காசு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தமிழகத்தில் அதிகம் கிடைக்கும் வெள்ளிக் காசுகளுள் ஒன்று திபேரியுஸ் மன்னனுடையது. ஒரு பக்கம் அவன் தலை. சுற்றி எழுத்து: 'தி சேசார் திவி அவ்க் எஃப் அவ்குஸ்துஸ்'. எல்லாம் சுருக்கம். விரித்தால், 'திபேரியுஸ் சேசார், தெய்வமாகிவிட்ட அவ்குஸ்துசின் மகன், அவ்குஸ்துஸ்' என்று வரும். மறுபக்கம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். ஒரு கையில் கோல், மறு கையில் கிளை. பக்கத்தில் 'பொந்திஃப் மாக்ஸிம்'. தலைமைப் பூசாரி என்று பொருள். செத்துப்போன அப்பன் தெய்வம், மகன் அரசன், அவனே பூசாரிகளுக்கும் தலைவன். ஒரு அரசின் அதிகாரம் முழுவதும் கட்டைவிரல் அகலத்தில் அடங்கிவிட்டது. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இதைப் பார்க்கிற மாணவன், 'ரோமானியக் காசு' என்ற சீட்டை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தால் காசே அவனிடம் பேசியிருக்கும்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பாண்டியன் அவ்குஸ்துசுக்குத் தூது அனுப்பியதைச் சொல்லும் ஸ்திராபோ கிரேக்கத்தில் எழுதியவர். பெரிப்ளுஸ் என்ற கடல்வழி நூலும் தாலமியின் நிலநூலும் கிரேக்கம்தான். ஆகவே பழைய வணிகத்துக்கு லத்தீன் மட்டும் போதாது. லத்தீன் நமக்கு இன்றியமையாததாக ஆவது அதற்கு 1500 ஆண்டுகள் கழித்து.

1606 நவம்பரில் ரோமைச் சேர்ந்த ஒரு சேசு சபைத் துறவி மதுரைக்கு வந்தார். இராபர்ட் தெ நொபிலி. நம் ஊரில் தத்துவ போதகர் என்று பெயர். காவி கட்டி, சைவ உணவு உண்டு, குடுமியும் பூணூலும் சந்தனமும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கு ஆகலாம் என்றார். சபைக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது. இது புறச்சமயம் அல்லவா என்று கோவாவில் வழக்காடினார்கள். அந்த வழக்குக்கு நொபிலி எழுதிய விடைகள் லத்தீனில் இருக்கின்றன. 1613இல் இந்நாட்டு வழக்கங்களைப் பற்றி ஒன்று. 1619இல் மதுரைப் பணியின் அடிப்படைகளைப் பற்றி இன்னொன்று.

இந்த நூல்களை மதப் பிரசாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. குடுமி எதற்கு, பூணூல் எதற்கு, எது சமயக் குறி, எது குலக் குறி என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, நம் நூல்களையே மேற்கோள் காட்டி, ரோமில் இருக்கும் நீதிமான்களுக்குப் புரியும்படி வாதாடுகிறார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து மதுரையில் யார் என்ன உடுத்தார்கள், எந்தச் சாத்திரத்தைப் படித்தார்கள் என்பதற்கு இத்தனை நெருக்கமான சாட்சி அரிது. 1610இல் எழுதிய கடிதம் ஒன்றில் மதுரையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கிறார்கள் என்கிறார். இன்று நீங்கள் கல்வி நகரம் என்று பலகை வைக்கிறீர்களே, அது புதுப் பெருமை அல்ல. வழக்கின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி நொபிலி பக்கம் தீர்ப்பளித்தார். மதுரைக் குடுமிக்கு ரோமில் தீர்ப்பு. தீர்ப்பின் மொழி லத்தீன்.

அடுத்து வந்தவர்கள் ஆண்டுதோறும் தலைமைக்குக் கடிதம் எழுதினார்கள். லத்தீனிலும் போர்த்துகீசியத்திலும் இத்தாலியத்திலும் எழுதினார்கள். திருமலை நாயக்கர் காலம், மைசூர்ப் படையெடுப்பு, பஞ்சம், மறவர் சீமைக் கலகம் எல்லாம் அவற்றில் வருகின்றன. மைசூரோடு நடந்த மூக்கறு போர் என்று நாம் கதையாகக் கேட்டிருக்கிறோமே, அதற்கு முக்கியமான சமகாலச் சான்று 1659இல் திருச்சியிலிருந்து புரோயன்சா பாதிரியார் சபைத் தலைவருக்கு எழுதிய கடிதம்.

இந்தக் கடிதங்கள் நம்மிடம் எப்படி வந்து சேர்ந்தன? 1847 முதல் 1854 வரை பெர்த்ராந்த் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அவற்றுள் பலவற்றைப் பிரெஞ்சில் ஆக்கி நான்கு தொகுதிகளாகப் பாரிசில் அச்சிட்டார். 1924இல் சத்தியநாத அய்யர் மதுரை நாயக்கர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது அந்தப் பிரெஞ்சிலிருந்து பலவற்றை எடுத்துப் பின்னிணைப்பாகச் சேர்த்தார். அந்த ஆங்கிலத்திலிருந்து நம் பாடநூல்கள் தமிழில் எழுதின. மூலம், பிரெஞ்சு, ஆங்கிலம், பிறகுதான் தமிழ். மதுரையில் நடந்ததை மதுரைக்காரன் நான்காம் கையில் வாங்கிப் படிக்கிறான். ஒவ்வொரு கை மாறும்போதும் ஏதோ ஒன்று உதிரும், ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். பெர்த்ராந்துக்கு முக்கியம் என்று பட்டது நமக்கு முக்கியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் விட்டுவிட்ட வரியில் ஒரு கண்மாயின் பெயர் இருந்திருக்கலாம்.

இந்தக் குறையைத் தமிழர்களே போக்க முடியும் என்று காட்டியவர் ஒருவர் இருக்கிறார். பாளையங்கோட்டையிலிருந்து உழைத்த சேசு சபை அறிஞர் இராசமாணிக்கம். நொபிலியின் லத்தீன் நூல்களை மூலத்தோடு, ஆங்கில மொழிபெயர்ப்போடு 1971, 1972ஆம் ஆண்டுகளில் வெளிக்கொணர்ந்தார். நொபிலியைப் பற்றி ஆராய்கிற எவரும் உலகில் எங்கிருந்தாலும் அந்தப் பாளையங்கோட்டைப் பதிப்புகளைத் தேடித்தான் ஆக வேண்டும். கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் சேசு சபையின் மதுரை மாநில ஆவணக்காப்பகம் இருக்கிறது. மதுரையிலிருந்து பேருந்தில் அரை நாள் பயணம். ஆவணத்துக்கும் நமக்கும் இடையிலுள்ள பெரிய தூரம் மலைப்பாதை அல்ல, மொழிதான்.

வீரமாமுனிவரை விட்டுவிட்டு லத்தீனைப் பற்றி இந்த ஊரில் பேச முடியாது. 1711இல் மதுரைப் பணிக்கு வந்த கொன்ஸ்தாந்தீன் பெஸ்கிதான் அவர். தேம்பாவணியும் சதுரகராதியும் பரமார்த்த குருவும் எல்லோருக்கும் தெரியும். அவர் லத்தீனில் எழுதியவை நம் கண்ணில் படுவதில்லை. கொடுந்தமிழுக்கு ஓர் இலக்கணம், செந்தமிழுக்கு ஓர் இலக்கணம், இரண்டையும் லத்தீனில் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார், காமத்துப்பாலைத் தொடவில்லை. போப் ஐயர் 1886இல் தம் ஆங்கிலக் குறளை வெளியிட்டபோது பெஸ்கியின் லத்தீனையும் அதில் சேர்த்துக்கொண்டார். அவருக்கும் முன்பே, லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் கிரவுல் குறளை லத்தீனில் ஆக்கினார். அது 1865இல் வெளிவந்தது.

இதில் கொடுந்தமிழ் இலக்கணத்தை நான் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் இலக்கண நூல்கள் செய்யுள் வழக்குக்கே முதலிடம் தரும். சந்தையில் பேசிய தமிழுக்கு யார் இலக்கணம் எழுதினார்கள்? வெளியிலிருந்து வந்து பேசக் கற்றுக்கொண்டவர்கள் எழுதினார்கள். பெஸ்கி அவர்களில் ஒருவர். 300 ஆண்டுக்கு முன் நம் முன்னோர் வாயில் தமிழ் எப்படி இருந்தது என்று அறிய விரும்பும் மொழியியல் மாணவன் இந்த லத்தீன் நூலைத் தாண்டிப் போக முடியாது. தமிழ் ஆராய்ச்சிக்கே லத்தீன் வேண்டியிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

சரி, படிக்க முடியுமா? மாணவர்களுக்கு இதுதான் கேள்வி. லத்தீன் மிகக் கடினம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அந்தப் பேச்சு ஆங்கிலேயப் பிள்ளைகளிடமிருந்து வந்தது. அவர்களுக்கு அது கடினம்தான். நமக்கு வேறு கணக்கு.

ஒரு சின்ன வாக்கியம் பாருங்கள். 'அக்ரிகோலா அக்வாம் போர்தாத்.' உழவன் நீரைச் சுமக்கிறான். அக்ரிகோலா, உழவன். அக்வா, நீர். அதன் இறுதியில் வந்த 'ம்', நம் 'ஐ' உருபு செய்யும் வேலையைச் செய்கிறது. வினை கடைசியில் வந்திருக்கிறது, தமிழில் வருவதுபோல. சொற்களை இடம் மாற்றிப் போடுங்கள், பொருள் மாறாது. 'நீரை உழவன் சுமக்கிறான்' என்றாலும் நமக்குக் குழப்பம் இல்லையே, அப்படி. வினையைப் பாருங்கள். போர்தோ, சுமக்கிறேன். போர்தாஸ், சுமக்கிறாய். போர்தாத், சுமக்கிறான். நான், நீ என்று தனியாகச் சொல்ல வேண்டாம்; விகுதியே சொல்லிவிடுகிறது.

இன்னும் நெருங்கிப் பார்ப்போம். உழவனும் மகனும் என்பதற்கு 'அக்ரிகோலா ஃபீலியுஸ்குவே'. அந்தக் 'குவே' நம் உம்மை மாதிரி சொல்லின் வாலில் ஒட்டுகிறது. நாம் இரண்டு இடத்திலும் ஒட்டுவோம், ரோமானியன் ஒரே இடத்தில் ஒட்டி மிச்சம் பிடிக்கிறான். சுமக்கிறானா என்று கேட்க 'போர்தாத்னே'. நம் வினா ஆகாரம்போல அந்த 'னே' வாலில் வந்து நிற்கிறது. லத்தீன் பாடநூல்களில் மாணவர்களை அழவைக்கும் ஒரு தொடரமைப்பு உண்டு. 'சோலே ஓரியெந்தே' என்பார்கள். ஞாயிறு எழ. ஞாயிறு எழப் பறவைகள் பாடின என்றால் எழுந்தது ஒன்று, பாடியது வேறொன்று. ஆங்கிலத்தில் இதற்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். நம் பிள்ளைக்கு 'செய' என்னும் வாய்பாட்டு வினையெச்சம், மழை பெய்யக் குளம் நிரம்பிற்று மாதிரி என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது.

எல்லாமே இப்படி எளிது என்று சொல்லி ஏமாற்ற மாட்டேன். பெயர்ச்சொற்கள் ஐந்து குடும்பமாகப் பிரிந்து வெவ்வேறு உருபு ஏற்கும். பெயரடை தான் தழுவும் பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றுக்கும் ஏற்ப உருமாறும். தமிழில் அந்தத் தொல்லை இல்லை. மேசைக்கும் கதவுக்கும்கூட ஆண், பெண் உண்டு. திணை பார்த்துப் பழகிய நமக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும். மனப்பாடம் செய்யத்தான் வேண்டும். ஆனால் நன்னூல் படித்த பிள்ளை மனப்பாடத்துக்கு அஞ்சுமா?

மொழி கைவந்த பிறகு கிடைப்பது இலக்கியம். ரோமானியக் காதற் கவிஞர்கள் காதலிக்குப் பெயர் வைத்தே பாடினார்கள். கதுல்லுசுக்கு லெஸ்பியா, புரொபெர்தியுசுக்குச் சிந்தியா, திபுல்லுசுக்குத் தேலியா. அவை உண்மைப் பெயர்கள் அல்ல, புனைபெயர்கள். நம் அகத்திணையோ தலைவன், தலைவி என்றே நிற்கும். பெயர் வந்துவிட்டால் அது புறம் என்று தொல்காப்பியம் வரம்பு கட்டியது. காதலை ஊருக்கு மறைக்கும் கவலை இரண்டு பக்கமும் உண்டு. மறைத்த விதம்தான் வேறு. பொய்ப்பெயர் வைத்தபோது ரோமில் ஊர் வம்பு பெருகியது, அது யார் இது யார் என்று இன்றுவரை ஆராய்கிறார்கள். பெயரே இல்லாதபோது நம் பாட்டு யாருடைய காதலும் ஆயிற்று. சங்கப் பாட்டின் அருமை எனக்குத் தெளிவாகப் புரிந்தது கதுல்லுசைப் படித்த பிறகுதான்.

வெர்ஜில் எழுதிய 'கேயோர்கிக்ஸ்' நான்கு காண்டம். பயிர், மரமும் திராட்சையும், கால்நடை, தேனீ. மண்ணைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறார். குழி தோண்டி, தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு மிதி. மண் போதாவிட்டால் அது பொலபொலத்த மண், மேய்ச்சலுக்கும் திராட்சைக்கும் ஆகும். மிஞ்சி நின்றால் இறுகிய மண், வலுவான மாட்டைக் கொண்டு உழ வேண்டும். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் இதைக் கேட்டால் ஆமோதித்தாலும் ஆமோதிப்பார், சண்டை பிடித்தாலும் பிடிப்பார். அப்படிச் சண்டை பிடிக்க ஆளிருக்கும் ஊரில்தான் இந்த நூலைப் படிக்க வேண்டும். ஏரெழுபதும் பள்ளும் தெரிந்தவன் வெர்ஜிலைப் படிக்கும்போது கேட்கும் கேள்வி, ஆக்ஸ்ஃபோர்டில் யாரும் கேட்காத கேள்வியாக இருக்கும்.

இப்படிக் கேட்ட ஒருவர் நம்மிடையே வாழ்ந்தார். தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்தில் 1913இல் பிறந்து, ரோமில் படித்து, கார்த்தேஜ் நகரத் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்து 1939இல் முனைவரானார். பிறகு நெல்லைச் சீமை வடக்கன்குளத்துக்கு ஆசிரியராக வந்தார். அங்கேதான் தமிழ் அவரைப் பிடித்துக்கொண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து தமிழை முறையாகப் படித்தார். சங்கப் பாட்டின் இயற்கையைப் பற்றி அவர் எழுதியபோது, கிரேக்க லத்தீன் கவிதைகளை அளவுகோலாக நிறுத்தி, தமிழ் எங்கே தனித்து நிற்கிறது என்று காட்ட முடிந்தது. உலகத் தமிழ் மாநாடுகள் அவர் முயற்சியில் பிறந்தவை. ஐந்தாம் மாநாடு 1981 ஜனவரியில் இந்த மதுரையில் நடந்தபோது அவர் இல்லை. முந்தைய செப்டம்பரில் காலமாகிவிட்டார். லத்தீன் அவரைத் தமிழிலிருந்து விலக்கவில்லை, தமிழுக்காக உலகத்தோடு வாதாடும் தெம்பைக் கொடுத்தது.

வேலை கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். லத்தீன் மட்டும் படித்தால் கிடைக்காது. வரலாறு, தொல்லியல், மொழியியல், தமிழ் ஆகிய துறைகளில் ஒன்றோடு லத்தீனும் தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆய்வுலகில் போட்டி குறைவு. தாவரவியல் மாணவனுக்கும் பயன் உண்டு. 2011 முடியும்வரை புதுச் செடி ஒன்றைக் கண்டுபிடித்தால் அதன் விளக்கத்தை லத்தீனில் எழுதியாக வேண்டும் என்று உலக விதி இருந்தது. 2012 முதல்தான் ஆங்கிலத்துக்கும் இடம் கிடைத்தது. கோரிப்பாளையம் மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து 'பி.டி.' என்றால் இருவேளை, 'எச்.எஸ்.' என்றால் படுக்கும் முன் என்று சட்டென்று எடுத்துக் கொடுக்கிறாரே கடைக்காரர், அவர் படிப்பதும் லத்தீன் சுருக்கம்தான்.

நம் ஊரில் லத்தீன் கேட்டே இராத ஒலியும் அல்ல. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் முடிந்து தமிழ்ப் பூசை வரும்வரை கீழவெளி வீதிப் பேராலயத்தில் லத்தீன் பூசைதான். பீடச் சிறுவர்களாக இருந்த பெரியவர்களுக்குப் பதிலுரைகள் இன்னும் மனப்பாடம். பொருள் சொல்லித்தர அன்று ஆள் இல்லை. பொருளோடு படித்தவர்கள் குருமடங்களில் இருந்தார்கள். அந்தப் படிப்பும் இப்போது சுருங்கிவிட்டது. பழைய தலைமுறை ஆசிரியர்கள் ஒவ்வொருவராக மறைகிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கற்றுக்கொள்வது புத்திசாலித்தனம்.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. கல்லூரி நிர்வாகங்களுக்கு: பெரிய துறை எதுவும் வேண்டாம். மாலை நேரத்தில் ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு ஒன்று தொடங்குங்கள். பத்துப் பேர் சேர்ந்தாலும் நடத்துங்கள். குருமடத்தில் கற்பித்து ஓய்வுபெற்ற பாதிரியார் ஒருவரை அழைத்தால் ஆசிரியர் பிரச்சினை தீரும். தமிழ் ஆசிரியர்களுக்கு: தமிழ் இலக்கணத்தின் வழியே லத்தீன் கற்பிக்கும் ஒரு பாடநூலை எழுதுங்கள். பெஸ்கி லத்தீன் வழியே தமிழைக் கற்பித்து ஏறக்குறைய 300 ஆண்டு ஆகிறது. மறுதலையாக ஒன்று செய்யும் கடன் நமக்கு இருக்கிறது. மாணவர்களுக்கு: உங்களில் இரண்டு பேர் போதும். ஒருவர் காசு படிக்கட்டும், ஒருவர் கடிதம் படிக்கட்டும். பத்தாண்டுக்குள் மதுரை நாயக்கர் காலத்துக் கடிதங்களில் ஒரு தொகுதியாவது, மூலத்திலிருந்து நேராகத் தமிழுக்கு, இந்த ஊரிலிருந்தே வர வேண்டும். அதைச் செய்யத் துணிபவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். எழுத்துக் கூட்டுவதிலிருந்து தொடங்குவோம்.